வினாடிக்கு இரண்டரை கிராம் காற்று

அந்த வியாழக்கிழமை ஷெட்டில் இருந்தவர்கள்:

அமீருதீன் பாய். முடிச்சூர் சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஷெட் நடத்துபவர்.

ஷபீனா அக்கா. பல்லாவரத்துக் கார் எலெக்ட்ரிஷியன். இவரைக் கூப்பிடப் பல ஷெட்டுகள் யோசிக்கும். காரணம் அவர் வாய்.

அன்பு. ஒரு டயர் கம்பெனியின் ஆள். கையில் லேசரால் அளக்கும் சின்னக் கருவி.

நான், ஜாய்சன். பில் போடுவது, பார்ட்ஸ் வாங்குவது, ஸ்கேனர் பார்ப்பது.

ஐந்து மணிக்கு மேல் சம்பத் அண்ணன். ஷெட் நிற்கும் மனைக்குச் சொந்தக்காரர். நடுவில் நின்ற வெள்ளைக் காருக்கும் அவர்தான்.

பிரச்சினை அந்தக் கார். அன்று இருட்டுவதற்குள் அது ஒழுங்காக ஓட வேண்டும். ஓடினால் ஷெட்டின் வாடகை ஒப்பந்தத்தில் சம்பத் அண்ணன் மறுபடி கையெழுத்துப் போடுவார். ஓடாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். காலியானால் இடம் டயர் கம்பெனிக்கு. அதற்காகத்தான் அன்பு வந்து சுவரை அளந்துகொண்டிருந்தான். அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அனுப்பினார்கள், வந்தான். காபி கொடுத்தால் குடித்தான்.

நாலு மாதமாக அந்த வண்டி எங்களை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் தள்ளாடும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். மேடு ஏறும்போது இருமும். முதல் முறை பிளக் நான்கையும் மாற்றினோம். இரண்டாம் முறை ஆக்ஸிஜன் சென்சார். மூன்றாம் முறை பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு முறையும் நான்தான் ஸ்கேனரை மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அது ஒரே எர்ரர் கோடைக் காட்டியது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். பார்ட்டை மாற்றுவேன், கோடை அழிப்பேன், திரை சுத்தமாகும், வண்டியைக் கொடுத்துவிடுவோம்.

எனக்கு அது பழக்கமான வேலை. நாவலூரில் ஒரு கால் சென்டரில் பதினாலு மாதம் நைட் ஷிஃப்டில் அதைத்தான் செய்தேன். யாரோ ஒருவரின் இணையம் வேலை செய்யாது. அணைத்துப் போடச் சொல்வேன். விளக்கு பச்சையாகும். புகாரை மூடுவேன். ஏன் கெட்டது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. ஷெட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. பிளக், சென்சார், பம்ப் மூன்றும் வீண். அந்த மூன்றும் என் தப்பு.

மூன்றாவது முறை கொடுத்த வண்டி பத்து நாளில் இரும்புலியூர் பாலத்துக்கடியில் நின்றது. உள்ளே சம்பத் அண்ணனின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு இறங்கி வண்டியைத் தள்ளினார். அன்று ராத்திரியே பாய்க்கு போன் வந்தது.

"பாய், மாப்ள வூட்டாரு தள்னாரு பாய் என் வண்டிய. ஒரு காரு ரிப்பேர் பண்ணத் தெரியாத ஆளுக்கு ரெண்டு கிரவுண்டு எதுக்கு? டயர்க்காரன் நாலு மாசமா சுத்திகினு கீறான். வர்ற வியாழக்கெழம வரேன். வண்டி ஓடுச்சுன்னா பேனா எடுக்கறேன். இல்லாங்காட்டி சாவியக் குடுத்துரு."

பாய் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவராகவே பல்லாவரத்துக்குப் போன் போட்டார்.

ஷபீனா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பத்தெட்டு வயது இருக்கும். தோளில் ஒரு லேப்டாப் பை. பானெட்டைத் தூக்கியதும் முதலில் அவர் கண்ணில் பட்டது காற்று ஃபில்டர். கம்பெனி கொடுத்த பெட்டி அங்கே இல்லை. இன்ஜினுக்கு மேலே சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒன்று திறந்து கிடந்தது.

"இன்னா பாய் இது, கோன் ஐஸா?"

"சம்பத்தண்ணன் புள்ள விக்கி மாட்னது. சவுண்டு நல்லா வருமாம்."

"சவுண்டு வருது. வண்டிதான் வரல." என் பக்கம் திரும்பினார். "நீதான் ஸ்கேனரா?"

"ஆமாக்கா."

"மூணு பார்ட்டு மாத்தினது நீதானே? கோடு காட்றத அப்படியே நம்புறதுக்கு உனக்கு எதுக்குப்பா சம்பளம், அந்த மிஷினுக்கே குடுத்துடலாமே."

அன்பு சிரித்தான். பாய்கூட லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை.

இன்ஜினைப் போட்டார். அது வழக்கம்போலத் தள்ளாடியது. ஏறும், இறங்கும், சாகப்போகிற மாதிரி நடுங்கும், பிழைக்கும். லேப்டாப்பில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். 1.4.

"இது என்னன்னு தெரியுமா?"

"ஏர் ஃப்ளோ."

"அளவு எதுல இருக்கு பாரு."

வினாடிக்கு கிராம் என்று போட்டிருந்தது. இரண்டு வருடமாக அந்தத் திரையைப் பார்க்கிறேன். அந்த எழுத்துகளை ஒரு நாளும் படித்ததில்லை.

"காத்துக்கு எடை போடுதா?" என்று அன்பு கேட்டுவிட்டான். நான் கேட்டிருக்க வேண்டியது.

"ஆயிரத்து ஐநூறு சிசி இன்ஜின் சும்மா நிக்கும்போதே ரெண்டரை கிராம் காத்து உறிஞ்சணும். இது ஒன்னு நாலுன்னு சொல்லுது. இன்ஜின் குடிக்கிறதுல பாதிதான் இது கணக்குல வருது. அந்தக் கணக்குக்குத்தான் கம்ப்யூட்டரு பெட்ரோல் ஊத்துது. அப்புறம் எங்கேர்ந்து போதும்?"

கூம்பு ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் மேல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்தது. காற்றை அளக்கும் சென்சார் அதுதான். ஐந்து வயர் அதற்குள் போயின. அக்கா இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இணைப்பைப் பிடுங்கினார்.

அணைந்துவிடும் என்று நினைத்தேன். இன்ஜின் ஒரு தடவை குலுங்கியது. பிறகு சீராக ஓடியது. நாலு மாதத்தில் அந்த வண்டி அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. ஒரு பார்ட்டைக் கழற்றியதால் வண்டி சரியாக ஓடுகிறது.

பாய் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றார்.

"பொய் சொல்ற ஆள வெளியே அனுப்பிட்டோம்" என்றார் அக்கா. "இப்ப கம்ப்யூட்டரு குத்துமதிப்பா ஊத்துது. இப்படியே ஓட்ட முடியாது. மேடு வந்தா திணறும். ஆனா ஆள் யாருன்னு தெரிஞ்சிபோச்சு."

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துண்டை வெளியே எடுத்தார். அடியில் ஒரு சிறிய சந்து. அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. போன் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு கம்பி. கம்பி என்று சொல்வதுகூட அதிகம். தலைமுடியைவிட மெல்லியது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அதை நம்பித்தான் ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறது.

"அதுல எப்புடிக்கா எடை தெரியும்?"

"டீய எதுக்கு ஊதிக் குடிக்கிற?"

"ஆறுறதுக்கு."

"அவ்ளோதான். இந்தக் கம்பிய கரண்டு சூடா வெச்சிருக்கும். காத்து போனா ஆறும். ஆற விடாம மறுபடி சூடு பண்றதுக்கு எவ்ளோ கரண்டு கூட வேணுமோ, அவ்ளோ காத்து போயிருக்கு. போதுமா? இன்னும் ஃபீஸ் கட்டணுமா?"

போதும். நான் நாவலூரில் படிக்காத, கல்லூரியில் படிக்காத எல்லாமே அந்த நாலு வரியில் இருந்தது.

குழாய்க்கு வெளியே வைத்தே அதை மறுபடி வயரோடு இணைத்தார். தலையில் போட்டிருந்த துப்பட்டாவிலிருந்து இரண்டு ஊசிகளை உருவினார். துப்பட்டா கழுத்தில் சரிந்தது. அதைச் சட்டை செய்யாமல், இணைப்பின் பின்பக்கமாக ஒரு வயரை ஒட்டி ஓர் ஊசியைச் செருகினார், எர்த் வயரில் இன்னொன்று. மல்டிமீட்டரின் முனைகளை ஊசிகளில் கவ்வ வைத்தார். வயரை வெட்டவில்லை, தோலுரிக்கவில்லை. சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் ஓடவில்லை, மின்சாரம் மட்டும். மீட்டரில் 1.02 வோல்ட்.

"ஊது."

ஊதினேன். 1.28. நிறுத்தினேன். 1.02.

பையிலிருந்து வேறொரு பழைய சென்சாரை எடுத்தார். அதே மாதிரி வண்டியில் கழற்றியதாம், நன்றாக வேலை செய்வது. அதை மாட்டி, "இப்ப ஊது."

2.31.

நான் அதை மறுபடி செய்தேன். மெல்ல ஊதினால் மெல்ல ஏறியது. நிறுத்தியதும் இறங்கியது. அன்பு தன் லேசரைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்து வாங்கி ஊதினான். 2.6. "யோவ்" என்றான், யாரைப் பார்த்தும் அல்ல. பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தோம். யாரும் ஊதவில்லை. பாய் அந்தப் பக்கமாக நடந்து போனார். எண் அசைந்தது. அவர் நடந்ததில் கிளம்பிய காற்று. ஒரு மனிதன் தன்னைக் கடந்து போனான் என்பது அந்தக் கம்பிக்குத் தெரிந்தது.

அசர் பாங்கு கேட்டு பாய் மாலைத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்ததும் வழக்கம்போல வாசலில் குந்தி, இரும்புக் கரண்டியில் கரியைப் போட்டு ஊதிப் பற்றவைத்தார். வியாழக்கிழமை மாலை ஷெட்டில் சாம்பிராணி போடாமல் விட்டதில்லை. ஷட்டர், கல்லா, கம்ப்ரஸர், டூல் பெட்டி, எல்லாவற்றுக்கும் காட்டுவார். கடைசியில் சம்பத் அண்ணன் வண்டி. ரிப்பேர் இருக்கிறதோ இல்லையோ, அண்ணன் வியாழக்கிழமை தவறாமல் அந்த வண்டியில் வருவார். குரு நாள் என்பார். செவ்வாய்க்கிழமை வண்டியைத் தொடவே மாட்டார். எங்களிடம் ரிப்பேருக்கு வந்தாலும் வியாழக்கிழமைதான் எடுத்துப் போவார். பாய் கையால் புகை காட்டினால் கண்ணேறு கழியும் என்று அவருக்கு நம்பிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, "உள்ள காட்டு பாய், வண்டி நல்லா மூச்சு இழுக்கட்டும்" என்பார். பாய் கூம்பு ஃபில்டருக்கு நேராகக் கரண்டியைப் பிடிப்பார். புகை மொத்தமும் சர்ரென்று உள்ளே போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். நானே இரண்டு முறை வீடியோ எடுத்திருக்கிறேன்.

உள்ளே அக்கா கெட்ட சென்சாரை மறுபடி வயரில் மாட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தொடவில்லை. சந்துக்குள் ஸ்பிரிட் ஸ்ப்ரேயைத் தூர நின்று அடித்தார். அடியில் வெள்ளைத் துணி. சொட்டியது பழுப்பாக இருந்தது. தேன் நிறம். மறுபடி அடித்தார். மறுபடி பழுப்பு.

"ஃபில்டர் எண்ணெய்னு நெனச்சேன். எண்ணெய் இப்படிப் பிசுபிசுன்னு இருக்காது. பாய், இங்க வாங்க. இது என்ன சனியன்?"

பாய் கரண்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். துணியை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். சென்சாரைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அது இன்னும் வயரில்தான் இருந்தது. ஊசிகளும் மீட்டரும் அப்படியே.

மீட்டரில் எண் ஏறி இறங்கத் தொடங்கியது. 1.4. 1.1. 1.6. 1.1. 1.9.

அவர் மூச்சு. முகம் மாறவில்லை. மூச்சு மட்டும் வேகமாகிக்கொண்டே போவதை நாங்கள் மூன்று பேரும் எண்ணாகப் பார்த்தோம். ஒரு மனிதனின் பயத்தை அவ்வளவு நிர்வாணமாக நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கக் கூடாது என்றும் தோன்றியது. கண்ணை எடுக்க முடியவில்லை.

"சாம்பிராணி" என்றார் பாய். அதுவும் 2.2 என்று வந்தது.

அக்கா அவர் கையிலிருந்து சென்சாரை வாங்கி மேசைமேல் வைத்தார். வாசலில் கரி சிவந்துகொண்டிருந்தது.

"பொட்டி ஃபில்டரு இருந்தவரைக்கும் அது தடுத்திருக்கும்" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. "இந்தக் கோனு எல்லாத்தையும் உள்ள விட்டிருக்கு. கம்பி சூடு. புகை பட்டுப் பட்டுப் பாலீஷ் போட்ட மாதிரி ஒட்டிகிச்சு. போர்வை போத்தினா டீ ஆறுமா? பாய், ஒன்னு சொல்றேன். விக்கி மாட்டின ஃபில்டரால வந்துச்சுன்னு சொல்லிடுங்க. அது பொய் இல்ல."

"இல்ல" என்றார் பாய். "பொய் இல்ல."

அன்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவனுக்குக் கேட்டது. அவன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நாலாவது முறை ஸ்ப்ரே அடித்தபோது சொட்டியது தண்ணீர் மாதிரி இருந்தது. காயவிட்டு, ஊதச் சொன்னார். 2.29. குழாயில் மாட்டினோம். இன்ஜினைப் போட்டோம். லேப்டாப்பில் 2.6. ஊசி விழுந்தால் கேட்கும் என்கிற மாதிரி ஓடியது. பானெட்டின் விளிம்பில் ஐந்து ரூபாய்க் காசை நிறுத்திப் பார்த்தேன். விழவில்லை. பாய்க்குக் காட்டினேன். அவர் காசைப் பார்க்கவில்லை.

சம்பத் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். அறுபது வயது, கையகலக் கரை வேட்டி, அக்குளில் ஒரு ஃபைல். நேராக வண்டிக்குப் போய்க் காதைக் கொடுத்தார்.

"இன்னாய்யா இது, ஓடுதா நிக்குதா?"

"ஓடுதுண்ணா" என்றேன்.

"அட!" முகம் மலர்ந்தது. பானெட்டை அவரே முழுதாகத் தூக்கினார். "பாய், இன்னும் பொக போடலியா? கரி ரெடியா கீதே. எடுத்தா. இன்னிக்கு நல்லா காட்டு. எவன் கண்ணோ, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே வுட்டான் பாரு."

பாய் போய்க் கரண்டியை எடுத்தார். சாம்பிராணித் தூளைக் கரியில் தூவினார். புகை குபுகுபுவென்று எழுந்தது. அதோடு வண்டியை நோக்கி நடந்து வந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சென்சாரைப் பார்த்தார். இவர் காட்டினால் கையெழுத்து உறுதி. ஒரே நாளில் கெட்டுவிடாது, சில வாரம் ஓடும்.

மூன்றடி தூரத்தில் பாய் நின்றுவிட்டார்.

"அண்ணா, இனிமே உள்ள காட்டக் கூடாது."

"ஏன்?"

"இதான் கெடுத்துச்சு. நாலு மாசமா. உங்க வண்டியில நோவு ஒன்னும் இல்ல. என் கையிதான்."

சம்பத் அண்ணன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நிறுத்திக்கொண்டார்.

"இன்னா சொல்ற?"

"பொகைல கீற பிசினு சென்சார் மேல ஒட்டிகினுது. நாங்க வேற வேற பார்ட்டா மாத்திகினு இருந்தோம். ஒவ்வொரு தபாவும் மறுபடி பொக காட்டி அனுப்புனோம். பொண்ணு வூட்டு விசேஷத்துல நின்னதுக்கும் நான்தான்."

"விக்கி ஃபில்டரு மாத்தினதும் காரணம்தான் சார்" என்றார் அக்கா.

"அது இருக்கட்டும்மா" என்றார் பாய். "வண்டி மூக்குகிட்ட பொகயப் புடிச்சது நானு."

"நான்தானே புடிக்கச் சொன்னேன்?" சம்பத் அண்ணனின் குரலில் கோபமா குழப்பமா தெரியவில்லை. "எந்த சென்சாரு? காட்டு."

நான் இன்ஜினை அணைத்து, மின்சாரத்தை மட்டும் விட்டு, அக்காவின் பழைய சென்சாரை இணைத்து, ஊசிகளைச் செருகி, அவர் கையில் கொடுத்தேன். ஊதச் சொன்னேன். நம்பாமல் ஊதினார். 2.4. கைக்குள் பொத்திக்கொண்டார். 1.02. கையைத் திறந்து, இரண்டு முழம் தள்ளிப் பிடித்து, மெல்ல ஊதினார். எண் அசைந்தது.

அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஃபைலை வண்டிமேல் வைத்துவிட்டார். யார் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. வேட்டி நுனியால் விசிறினார், அதற்கும் வந்தது.

"காத்தக் கிராமுல எட போடுதா?"

"ஆமாண்ணா."

"எங்கப்பன் நெல்லுகூட இவ்ளோ கரெக்டா எட போட்டதில்லியே." சென்சாரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இத்தினூண்டு கம்பி. அது மேல போயி நானு நாலு மாசமா..."

ஃபைலை எடுத்துக்கொண்டார். பாயைப் பார்த்து, "வண்டில ஏறு" என்றார்.

வண்டியின் சென்சாரை மறுபடி வயரில் இணைத்துக் கொடுத்தேன். இருவரும் போனார்கள். நாங்கள் மூன்று பேர் காத்திருந்தோம். அக்கா ஊசிகளைத் துடைத்துத் துப்பட்டாவில் குத்திக்கொண்டார். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. அன்பு அதையே பார்த்தான்.

"அதுலயும் இது மாதிரி ஒன்னு இருக்குமாக்கா?"

"வேற மாதிரி இருக்கும்பா. காத்து தெரியாம எப்படிப் பறக்கும்?"

முக்கால் மணி நேரம் ஆனது. இரும்புலியூர் பாலத்துக்கடியில் வேண்டுமென்றே நான்கு முறை நிறுத்தி எடுத்தார்களாம். பின்னால் வந்த பஸ்காரன் திட்டினானாம். அணையவில்லை. வண்டி சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றது. சம்பத் அண்ணன் இறங்கி, ஃபைலைத் திறந்து, சூடான பானெட்டின் மேலேயே வைத்து எழுதினார்.

பாய் எட்டிப் பார்த்தார். "பதினோரு மாசம்னு போட்டுக் கீது. நான் மூணு வருஷம் கேட்டேனேண்ணா."

"நாலு மாசம் என் வண்டிக்கு நெஞ்சடைக்க வெச்சிட்டு மூணு வருஷம் கேக்குற? பதினோரு மாசம். ஓட்டிக் காட்டு, அப்பால பாக்கலாம். மறைக்காம சொன்னியே, அதுக்குத்தான் இதுவும்." கையெழுத்துப் போட்டு முடித்தார். "அந்தப் பையன் மாட்டுன கோன வூட்டுக்குப் போயி அவன் வாய்லயே மாட்டுறேன். இப்ப பொகய வீணாக்காத. டிக்கி பக்கமா காட்டு."

பாய் டிக்கி பக்கம் காட்டினார். சாம்பல் கொஞ்சம் தரையில் உதிர்ந்தது. சம்பத் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினார். போகும்போது என்னிடம், "கோடு என்ன சொல்லுதுன்னு பாக்காத. ஏன் சொல்லுதுன்னு பாரு" என்றார். திட்டாமல் அவர் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

அன்பு மட்டும் நின்றான். லேசரைக் கையில் எடுத்திருந்தான். பின்சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

"பாய், அந்தச் செவுரு மட்டும் பாக்கி. ஒரு நிமிஷம். ஆபீஸ்ல ரிப்போர்ட் கேப்பாங்க."

"எத்தினி அடின்னு நானே சொல்றேன். எழுதிக்கோ, முப்பத்தாறு."

"அளக்காம எழுதக் கூடாதுன்னு ரூல் பாய்."

பாய் அவன் தோளில் கை போட்டார். முரட்டுத்தனமாக இல்லை. அண்ணன் தம்பி நடக்கிற மாதிரி ஷட்டர் வரை கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, வண்டி வெச்சிருக்கியா?"

"பைக்கு இருக்கு பாய்."

"கார் வாங்குனா எட்துனு வா. காசு வாங்காம பாத்துக் குடுக்கறேன். அளக்க மட்டும் வராத."

அன்பு சிரித்தபடி குனிந்து, ஷட்டரில் இருந்த சின்னக் கதவு வழியே வெளியே போனான். பாய் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். அது போதாதென்று பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.